பிள்ளைகளுக்கு ஒரு கயிறு

மதுரையில் கயிற்றுக்கடைக்காரர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "கெணத்துக்கா, லாரிக்கா?" என்பது. "பிள்ளைகளுக்கு" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கடைக் கூரையில் தொங்கிய தாம்புக்கயிறுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் பேச வேண்டியது நான்தான் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

"பிள்ளைகளுக்குப் பாறை ஏறப் பழக்கப்போறேன்ணே. அதுக இடுப்புல கட்டிட்டு, மேல நின்னு நான் பிடிச்சுக்கிறதுக்கு. நார்க்கயிறு வேண்டாம், நைலான்ல காட்டுங்க. கட்டைவிரல் மொத்தத்துக்குக் கொறையக் கூடாது."

"எந்தப் பாறைம்மா?"

"போடிக்கு மேல, குரங்கணிப் பக்கம்."

"அங்க மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஏறிட்டு எறங்கத்தான்."

அவர் ஒரு வெள்ளைக் கயிற்றுச் சுருளை எடுத்துப் போட்டார். அதைக் கடை வாசலில் முழுக்கப் பிரித்து, ஒரு முனையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனை வரைக்கும் உள்ளங்கைக்குள் உருவிக்கொண்டே நடந்தேன். நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா, இழை எங்காவது பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் கயிற்றைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எழுபதுகளின் கடைசி அது. மகனுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. மகளுக்கு நாலு.

எனக்குப் பாறை எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சிலமலையில், விவசாயக் குடும்பம். மதுரையில் கல்லூரியில் படித்தபோது காக்கி உடுப்புப் போட்டு அணிவகுப்புப் பழகும் பெண்கள் குழுவில் சேர்ந்தேன். ஒரு விடுமுறையில் எங்களில் சிலரை ஊருக்கு வெளியே ஒரு பாறை மலைக்குக் கூட்டிப்போய் முகாம் போட்டார்கள். கயிறு கட்டுவது, ஏறுகிறவரை மேலிருந்து பிடிப்பது, முடிச்சு வகைகள் எல்லாம் அங்கே படித்தவை. அணிவகுப்புக்குப் போகிறேன் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. களை வெட்டிக் காய்ப்பேறிய கைதான், அதிலேயே உரிந்திருந்தது. அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே, "அணிவகுப்புன்னா காலுதான வலிக்கணும்" என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

படிப்பு முடிந்ததும் போடியில் வாழ்க்கைப்பட்டேன். என் கணவர் ஏலக்காய்க் கடையொன்றில் கொள்முதல் பார்த்தார். தோட்டங்களுக்குப் போய்ச் சரக்குப் பார்த்து விலை பேசி, ஜீப்பில் லோடு ஏற்றிவிட்டு வருவது அவர் வேலை. வாரத்துக்கு ஒரு முறையாவது போடிமெட்டு ஏற வேண்டும். ஆனால் அவருக்கு உயரம் ஆகாது. கொண்டைஊசி வளைவுகளில் பள்ளத்துப் பக்கம் உட்காரவே மாட்டார். டிரைவரிடம் ஜீப்பைக் கொடுத்துவிட்டு, மலைப்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாணமான புதிதில் பாறை முகாம் கதையை அவரிடம் சொன்னேன். நின்று நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீ ஏறு. நான் கீழ இருந்து சோறாக்குறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிற்பாடு அத்தனை வருஷமும் அவர்தான் ஆற்றங்கரையில் கல் கூட்டிச் சமைத்தார்.

போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை நிற்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பிழைப்பு. ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள், காப்பித் தோட்டத்துக்குப் போவார்கள், சாமி கும்பிடப் போவார்கள். விளையாடப் போவது என்பது கிடையாது. எங்களுக்கு வாய்த்தது கடை ஜீப்பு. ஞாயிற்றுக்கிழமை அது சும்மா நிற்கும். டீசலை நாங்கள் போட்டுக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பின்பக்கம் முழுக்க ஏலக்காய் வாசனை. ஞாயிறு போய் வந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தலைமுடி வரைக்கும் மணக்கும்.

குரங்கணிக்குப் போகும் வழியில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் நடந்தால் மூன்று பாறைகள் இருந்தன. அவற்றுக்கு ஊரார் வைத்த பேர் ஏதும் உண்டா என்று தெரியாது. பிள்ளைகள் வைத்த பேர்தான் எங்களுக்கு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, உருண்டையாக இருந்தது பூசணி. இரண்டு மாடி உயரத்துக்குச் சாய்வாகக் கிடந்தது தோசைக்கல். அதன் மேல்பாதியில் வெள்ளைக்கல் கோடு ஒன்று குறுக்கே ஓடும். அதற்கப்புறம் பாறை செங்குத்தாகத் திரும்பும். மூன்றாவது, ஓடைக்கு அந்தப் பக்கம், நிமிர்ந்து நிற்கும் நெடும்பாறை. மகளின் பள்ளித் தலைமையாசிரியர் நெட்டையானவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அதனால் அது பெரிய சார்.

தோசைக்கல்லின் பின்புறம் புல்சரிவு. அதன் வழியாகச் சுற்றி நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். உச்சியில் பாறைப் பிளவில் வேர்விட்ட ஒரு கல்லிச்சி மரம். நான் என்னை அந்த மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பாறை விளிம்பு தேய்க்காமலிருக்க ஏலக்காய்ச் சாக்கை மடித்துக் கீழே கொடுத்து, கயிற்றை என் முதுகைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். ஏறுகிற பிள்ளை கால் வழுக்கினாலும் ஒரு சாண்கூடக் கீழே போகாது. பிள்ளைகளை ஏற்றுமுன் நான் தனியாகப் பல ஞாயிறுகள் சோதித்தேன். கல்லை நிரப்பிய சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். தேன்கூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் மூன்று பாறையையும் சுற்றிவந்து பார்ப்பேன். மலைத்தேனீ கட்டியிருந்தால் அன்றைக்குக் குளித்துவிட்டு வீடு திரும்புவதோடு சரி.

முதல் நாள் ஏறவிடவில்லை. பூசணிக்குப் பக்கத்து மரக்கிளையில் கயிற்றைப் போட்டு, இடுப்பிலும் இரண்டு தோளிலும் சுற்றிக் கட்டி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சும்மா தொங்கவிட்டேன். கயிறு தாங்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். மகள் தொட்டிலில் கிடப்பதுபோல் கையையும் காலையும் விரித்து ஆடினாள், இறங்கமாட்டேன் என்றாள். மகன் தொங்குமுன் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

"இது அவுந்துட்டா?"

"அவுழாது."

"எப்படித் தெரியும்?"

நான் அதே முடிச்சை என் இடுப்பில் போட்டுத் தொங்கிக் காட்ட வேண்டியிருந்தது. அதுவும் போதவில்லை அவனுக்கு. "அப்பாவும் தொங்கட்டும்" என்றான். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர், "அம்மா தொங்குனாப் போதும், அப்பு" என்றார்.

எங்களுக்கென்று சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். கயிறு இல்லாமல் தன் தலை உயரத்துக்கு மேல் யாரும் ஏறக் கூடாது. ஏறுமுன் இறங்குவதற்குக் கால் வைக்கிற இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாறை சுட ஆரம்பித்துவிட்டால் அன்றைய ஏற்றம் முடிந்தது; வெறுங்காலில்தான் ஏறினோம், வெயில் ஏறினால் தோசைக்கல் பேருக்கேற்ற மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, நான் முகாமில் படிக்காதது, நானாக வைத்தது: யாராவது "எறங்குறேன்" என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது.

இந்தக் கடைசி வழக்கத்தை அதிகம் பயன்படுத்தியது மகன்தான். பாறையின் முன்னால் போய், மாட்டுச் சந்தையில் காளை பார்ப்பவன்போல், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் பார்த்து முடிப்பதற்குள் அவனுடைய அப்பா குழம்பை இறக்கிவிடுவார். பிறகு ஏறுவான். ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்ப்பான். வெள்ளைக்கோடு வரைக்கும் வருவான். அதற்கு மேல் ஒரு காலை எடுத்து வைப்பான். "அம்மா, எறங்குறேன்" என்பான். மேலே மரத்தோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அவன் முகம் தெரியாது, குரல்தான் கேட்கும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். கயிற்றில் தொங்கி இறங்கமாட்டான். வந்த வழியே, பிடி பிடியாக, கால் கால் என்று வைத்து இறங்குவான். ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்தது. அவன் வெள்ளைக்கோட்டைத் தாண்டவில்லை.

மகள் நேர்மாறு. பல்லிமாதிரி ஒட்டிக்கொண்டு போய்விடுவாள். ஐந்து வயதிலேயே தோசைக்கல்லின் உச்சிக்கு வந்து என் மடியில் உட்கார்ந்து நெல்லிக்காய் கேட்டாள். கீழே அவளுடைய அப்பா, மாங்காய் விழுவதைப் பிடிக்க நிற்பவர்போல், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அவள் போன திசையிலேயே நகர்ந்து நகர்ந்து வருவார். கயிறு இருக்கிறது, அவர் நிற்க வேண்டியதில்லை என்று நான் சொல்லாத நாளில்லை. அவர் நிற்காத நாளுமில்லை.

பிள்ளைகளின் முழங்கால் தேய்வதைப் பார்த்துவிட்டு எங்கள் தெரு தையல்காரரிடம் ஜீப்பு டார்பாலின் துண்டைக் கொடுத்து, கால்சட்டை முழங்காலில் ஒட்டுப் போடச் சொன்னேன். மகளுக்கும் கால்சட்டை என்றதும் அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார். தைத்துக் கொடுத்தார். ஆனால் அந்தக் கால்சட்டை வழியாகத்தான் செய்தி தெருவெங்கும் பரவியது.

செய்தி என் நாத்தனார் காதுக்கும் போனது. என் கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன், என் மகனைவிட ஒரு வயது சின்னவன். மதினி கெட்ட மனசுக்காரர் கிடையாது. எனக்கு இரண்டு பிரசவத்திலும் பத்தியம் வைத்துப் போட்டவர் அவர்தான். அன்று வந்து முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

"ஏத்தா, பொம்பளப்பிள்ளையப் பாறையில ஏத்துறியாமே. கை காலு ஒடிஞ்சா நாளைக்கி எவன் கட்டுவான்?"

உள்ளே இருந்து என் கணவர், "ஒம் மகன் இருக்கான்லக்கா" என்றார்.

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வெளயாட்டுப் பேச்சு பேசாதடா. நானும் ஒரு நாளைக்கி வந்து பாக்குறேன், அப்படி என்னதான் பண்றீகன்னு" என்றார்.

வந்தார். அதற்குள் என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது. தை கழிந்து பனி விலகின ஒரு ஞாயிறு. மதினி ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கும், குடையும், தன் மகனுமாக ஜீப்பில் ஏறினார். ஏறும்போதே எனக்குச் சொல்லிவிட்டார், "இவனுக்குக் கயிறு கியிறு கட்டுற சோலி வேண்டாம். பாக்கத்தான் கூட்டியாறேன்."

காலை முழுக்க அந்தப் பையன் குடைக்குள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என் பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் உச்சிக்குப் போனாள். மகன் வழக்கம்போல் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கினான். பையன் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் ஆசை எனக்குத் தெரிந்தது. ஆனால் தாய் வேண்டாமென்று சொன்ன பிறகு நான் கட்டிவிட முடியாது.

வெயில் ஏறியதும் கயிற்றைச் சுருட்டி ஜீப்பில் போட்டேன். சாப்பிட்டோம். பாறைமேல் மேகநிழல் விழுந்திருந்தது. நானும் மதினியும் ஆற்றில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தோம். மகள் ஓடிவந்தாள். கத்தவில்லை. என் காதருகில் வந்து, "அம்மா, மச்சான் தோசைக்கல்லுல மேல நிக்குறாரு. கயிறு இல்லாம" என்றாள்.

எழுந்து பார்த்தேன். வெள்ளைக்கோட்டுக்கு மேலே, பாறை செங்குத்தாகிற இடத்தில், மார்பைக் கல்லோடு அழுத்திக்கொண்டு ஒட்டியிருந்தான். ஏறும்போது சாய்வு இழுத்துக்கொண்டு போயிருக்கும். இறங்க எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு கால் தடதடவென்று ஆடுவது அங்கிருந்தே தெரிந்தது. அவனுக்குக் கீழே, பாறையடியில், ஆற்றுக் குண்டுக்கற்கள்.

நான் ஜீப்புக்கு ஓடிக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்புறப் புல்சரிவில் ஏற ஆரம்பித்தேன். மேலே போய்க் கயிற்றை விட்டால்தான் உண்டு. ஓடினாலும் நேரம் பிடிக்கும். பாறையின் முன்பக்கம் என் கண்ணுக்கு மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. கேட்டது என் மகனின் குரல். வீட்டில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை, ஆறு ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, ஆனால் கத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, கீழ பாக்காத. எங் குரல மட்டும் கேளு. கைய விட்றாத. மொதல்ல வலது காலு."

"எங்கடா வைக்க, ஒண்ணும் தெரியல."

"தெரியாது. காலால தேடு. நேர கீழ எறக்கு... இன்னும் கொஞ்சம். ஒரு சின்னக் குழி இருக்கும், பெருவிரலு மட்டும் போகும்."

கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும்.

"கெடச்சுதா?"

"ம்."

"அது தாங்கும். நம்பி நில்லு. நின்னு ஒரு மூச்சு விடு. இப்ப எடது கைய, மொகத்துக்குப் பக்கத்துல வெடிப்பு இருக்குல்ல, அதுல குடு. அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒங்களப் பாத்தான்னா கீழ பாப்பான்."

என் கணவர் கையை ஏந்திக்கொண்டு போய் நின்றிருக்கிறார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். புல்லில் கால் வழுக்க வழுக்க ஏறினேன். மதினியின் குரல் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு சொன்னார்கள்: மதினி வாயைத் திறந்து மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடப் போயிருக்கிறார். என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா மச்சானுக்குக் கை நடுங்கும்" என்றிருக்கிறாள். மதினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறார். மகள் அந்தக் கையை விடவே இல்லையாம்.

"இப்ப வெள்ளக்கோடு ஒன் வயித்துக்கு நேரா இருக்கும். இருக்கா? இனிமே சுளுவு. கோட்டுக்கு அடியில படிமாதிரி இருக்கும். எடது காலு. அவசரமே இல்ல மாப்ளே."

நான் உச்சிக்குப் போய், மரத்தில் கயிற்றைச் சுற்றி, விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தபோது, பையன் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருந்தான். என் மகன் அவன் குதிகாலைப் பிடித்துக் கடைசிப் படியில் வைத்தான். பையன் தரையில் கால் ஊன்றியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, கயிறு வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினான்.

நான் உடனே இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, எடுத்துக்கொண்டு வந்த கயிற்றைச் சுருட்டினேன். சுருட்டி முடித்து, பிரித்து, இன்னொரு முறை சுருட்டினேன். இரண்டு பிள்ளை பெற்றபோதும், கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியபோதும், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. 

கீழே வந்தபோது மதினி மகனை அடிக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை மொண்டு அவன் முகத்தைக் கழுவிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.  என் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏப்பா, எங்க எங்க குழி இருக்கு, எங்க வெடிப்பு இருக்குன்னு கீழ நின்னுக்கிட்டே ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நா அந்த எடத்துலருந்துதான அத்தை எப்பவும் எறங்குவேன்."

அவன் தூக்குவாளியைத் திறந்து முறுக்கு எடுத்துக்கொண்டான். மதினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இம்புட்டுப் பேச்சு இவனுக்குள்ள இருந்துச்சாத்தா" என்றார்.

திரும்பும்போது பிள்ளைகள் மூவரும் ஜீப்பின் பின்னால் சாக்குமேல் படுத்துத் தூங்கிவிட்டார்கள். என் கணவர் ஓட்டிக்கொண்டே, "என்னயத் தள்ளி நிக்கச் சொல்லிட்டான் பாத்தியா" என்றார். குறை சொல்கிற குரலில்லை. ஊர் எல்லை வருவதற்குள் அதையே இன்னும் இரண்டு முறை சொன்னார்.

மறு ஞாயிறு விடியுமுன்பே கதவு தட்டுகிற சத்தம். மதினியின் மகன் நின்றான். முழங்காலில் ஒட்டுப் போட்ட புதுக் கால்சட்டை. எங்கள் தெரு தையல்காரர் தைத்ததுதான். தையலைப் பார்த்ததுமே தெரிந்தது. "அம்மா ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக" என்றான். என்ன சொல்லச் சொன்னார் என்று கேட்டேன். "மொதல்ல கயித்தக் கட்டுங்கன்னு" என்றான்.

அதன்பிறகு நாங்கள் ஐந்து பேர். மகன் எந்த ஞாயிறு வெள்ளைக்கோட்டைத் தாண்டினான் என்று எனக்கு நினைவில்லை. தாண்டிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் என் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு பிடிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏறுவதைவிடப் பிடிப்பதில்தான் ஆசை என்று போகப்போகப் புரிந்தது. பன்னிரண்டு வயதில் அவனுடைய மாப்ளை ஏற, அவன் கயிறு பிடித்தான். நான் பக்கத்தில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவன் கையில் கயிறு தொய்ந்தும் இருக்காது, இழுத்துப் பிடித்தும் இருக்காது. ஏறுகிற பிள்ளைக்குக் கயிறு இருப்பதே தெரியாது. எனக்கு அது வர எத்தனையோ நாளாயிற்று.

எண்பதுகளின் நடுவில் மகள் பெரியவளானாள். என் அண்ணன் சிலமலையிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். சடங்கெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அதோடு பாறையும் முடிந்தது என்று எல்லோரும் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். கால்சட்டையை மடித்துப் பரணில் வைத்தாயிற்று. சில ஞாயிறுகள் பையன்கள் இருவரும் மட்டும் என் கணவரோடு போய்வந்தார்கள். நான் அவளோடு வீட்டில் இருந்தேன். அவள் அழவில்லை, கேட்கவுமில்லை. மாடியில் நின்று மேற்கே பார்த்துவிட்டு இறங்கி வருவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் உறவுப் பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்த ஒருத்தி, "நல்ல வேளத்தா, அந்தப் பாறச் சோலிய விட்டுட்ட" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதினி பேசினார்.

"யார் சொன்னா விட்டுட்டாகன்னு? அத்தை மொறைக்கி மொதத் தண்ணி ஊத்துனவ நானு. நாஞ் சொல்றேன். பிள்ளைக்கி ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம போகட்டும்." பிறகு என்னிடம் திரும்பி, "பழைய டவுசரு பத்தாது, வளந்துட்டா. வெரசாத் தையக்காரர்ட்டச் சொல்லு" என்றார்.

 உள்ளே கதவோரம் நின்றிருந்த என் மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. காப்பி போடுகிறாளாம். எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு தம்ளர் வந்தது.

அவள் திரும்ப ஏறியது தோசைக்கல் இல்லை. நேராகப் பெரிய சாரிடம் போனாள். அதை நான் இரண்டு முறைதான் ஏறியிருந்தேன், பிள்ளைகளை ஏற்றியதில்லை. அவள் இந்த முறை ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளவில்லை. அண்ணனோடு பாறையடியில் நின்று, மேலே விரலை நீட்டி நீட்டி, எங்கே கை, எங்கே கால் என்று நெடுநேரம் பேசினாள். பிறகு மகன் அதன் பின்பக்கச் சுற்றுவழியில் மேலே போனான். அங்கே நின்ற மரமொன்றில் தன்னைக் கட்டிக்கொண்டான், சாக்கை மடித்து விளிம்பில் வைத்தான், கயிற்றை இறக்கினான். முடிச்சை அவளே போட்டுக்கொண்டாள். நான் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்குச் செய்ய வேறொன்றும் இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கையில் கயிறு இல்லாமல் பாறைக்குக் கீழே நின்றேன்.

மேலிருந்து மகன் கேட்டான், "வர்றியா?"

"வர்றேண்ணே."

ஏறினாள். தன் உயரத்தைத் தாண்டினாள். இரண்டு ஆள் உயரத்தையும் தாண்டினாள். என் கணவர் வழக்கம்போல் கையை ஏந்திக்கொண்டு நின்றார். மதினியின் மகன் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

மலையிலிருந்து தோட்டத்துப் பெண்கள் சிலர் தலைச்சுமையோடு பாதையில் இறங்கி வந்தார்கள். மேலே கேரளப் பக்கத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள். ஞாயிறு போடிக்குச் சந்தைக்குப் போகிறவர்கள். முன்னால் வந்தவள் பாறையைப் பார்த்து நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"அந்தக் குட்டி யாருதும்மா?" என்று என்னிடம் கேட்டாள்.

"எம் மக."

"மேல கயிறு பிடிச்சிருக்கிறது?"

"எம் மகன்."

அவள் சுமையை இறக்கிப் பாதையோரம் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் இறக்கினார்கள். மகள் உச்சிக்குக் கீழே ஒரு வெடிப்பில் கையை நுழைத்து, காலால் தேடி ஊன்றி, கடைசியாக ஒரு முறை உடம்பை உந்தி மேலேறினாள். அவளுடைய அண்ணன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான். இருவரும் எழுந்து நின்றார்கள். கீழே இருந்து பார்த்தால் சின்னதாகத் தெரிந்தார்கள். மகள் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

தோட்டத்துப் பெண் எழுந்து, சுமையைத் தூக்கிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். தூக்கித் தலையில் வைத்தேன். நடக்க ஆரம்பித்தவள் நின்று, இன்னொரு முறை மேலே பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளைக" என்றாள்.

"ஆமா" என்றேன்.